மயக்க மருந்துப் பயிற்சி, ஆறு வார இறுதிகள்: போய் வந்தவள் சொல்கிறேன்

42,000 ரூபாய் கட்டிப் போகலாமா என்று இந்த இரண்டு மாதத்தில் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் கால்நடை மருத்துவர்கள், பாதிப் பேர் நாமக்கல்லில் என்னோடு படித்தவர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதில்: போகலாம். நான் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதையும் எழுதுகிறேன், அதுதான் முக்கியம் என்றும் நினைக்கிறேன்.

பெங்களூரு தணிசந்திரா பக்கம், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் தனியார் பயிற்சி மையம். நாய், பூனைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது, வலியை அளப்பது, இதயம் நின்றுபோனால் செய்ய வேண்டியது, வளர்ப்பவர்களிடம் பேசுவது. இவ்வளவுதான் பாடத்திட்டம். சனி, ஞாயிறு, காலை 9 முதல் மாலை 5.30 வரை, ஆறு வாரம். எங்கள் பேட்சில் 14 பேர். ஓசூரிலிருந்து ஒருவர் தினமும் பஸ்ஸில் வந்து போனார்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். 2003இல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். அந்தக் கல்லூரி 1985இல் தொடங்கியது, சுற்றிலும் கோழிப் பண்ணைகள். எனவே கோழியை அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்வதும், மாட்டுக்குச் சினைப் பரிசோதனை செய்வதும் எங்களுக்குக் கை வந்த வேலை. நாய் வார்டில் நின்ற நாட்கள் குறைவு. படிப்பு முடித்து ஆறு வருடம் தர்மபுரி பக்கம் பால் சங்க வேலை. மடிநோய், நஞ்சுக்கொடி விழாத மாடு, கோமாரி ஊசி என்று நாள் போனது. பிறகு கல்யாணமாகி பெங்களூரு வந்து, ராமமூர்த்தி நகரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்தேன். தர்மபுரியில் ஒரு மாதத்தில் பார்த்த நாய்களை இங்கே ஒரே நாளில் பார்க்கிறேன். பக், ஷிட்சூ, இந்தச் சூட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஹஸ்கி.

போன வருடம் ஒரு பக் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தேன். நாலு வயது, நல்ல ஆரோக்கியம். ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. விழுங்க ஆரம்பித்தது, மூச்சுக் குழாயில் போட்ட ட்யூபை எடுத்தேன், வெளியே காத்திருந்தவர்களிடம் நல்ல செய்தி சொல்லத் திரும்பினேன். "மேடம், நாக்கு!" என்று கத்தினார் என்னோடு வேலை செய்யும் அக்கா. திரும்பிப் பார்த்தால் நாவல் பழ நிறம். மறுபடி ட்யூப் போட்டு, ஆக்ஸிஜன் கொடுத்து, பிழைத்துக்கொண்டது. இப்போதும் தடுப்பூசிக்கு வரும்போது என் கையை நக்கும். ஆனால் அன்று ராத்திரி தூங்கவில்லை. தட்டை மூக்கு நாய்களுக்கு ட்யூபை எவ்வளவு தாமதமாக எடுக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தாமதம் என்றால் எவ்வளவு என்பதை யாரும் பக்கத்தில் நின்று காட்டியதில்லை.

முதல் வாரம் முழுக்க மயக்க மருந்து கொடுக்கும் மெஷின்தான். நாயே கிடையாது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், இரண்டு நாளும் போதவில்லை. வெளியேற்று வால்வை மூடி, குழாயின் முனையை விரலால் அடைத்து, அழுத்தம் 30 வரை ஏற்றி, பத்து நொடி இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அந்த வால்வைத் திறக்க வேண்டும். திறக்க மறந்து நாயை இணைத்தால் காற்றுக்குப் போக வழியில்லாமல் நுரையீரல் வீங்கி, சில நிமிடங்களில் நாய் செத்துவிடும். எங்களை ஒவ்வொருவராக நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அந்த வால்வைத் தொடச் சொன்னார்கள். எட்டு முறை, பத்து முறை. சலிப்பாக இருந்தது. இப்போது என் கை தானாகவே அங்கே போகிறது.

சோடா லைம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் பல மாதம் ஏமாந்திருக்கிறேன். நாய் வெளியே விடும் கரியமில வாயுவை உறிஞ்சும் அந்த வெள்ளை மணிகள், தீரத் தீர ஊதா நிறமாகும். நான் காலையில் கிளினிக் திறந்ததும் டப்பாவைப் பார்ப்பேன், வெள்ளையாக இருக்கும், சரி என்று விட்டுவிடுவேன். தீர்ந்துபோன மணிகளும் ராத்திரி முழுக்க சும்மா இருந்தால் நிறம் வெளுத்து மறுபடி வெள்ளையாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்த கையோடு பார்க்க வேண்டும். ஒரு மணியை எடுத்து நசுக்கியும் பார்க்க வேண்டும்: நல்லது பொடியும், தீர்ந்தது கல் மாதிரி இருக்கும்.

இரண்டாவது வாரம் கேப்னோகிராஃப். வெளியே வரும் மூச்சில் எவ்வளவு கரியமில வாயு என்று கோடு போட்டுக் காட்டும் கருவி. 35க்கும் 45க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. சட்டென்று பூஜ்யமானால் ட்யூப் கழன்றிருக்கலாம், படிப்படியாகச் சரிந்தால் இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் தவிக்கலாம். நல்ல பாடம். ஆனால் பாடம் முழுக்க விலையுயர்ந்த புது மானிட்டரை வைத்தே நடந்தது. எங்களில் ஆறு பேரிடம் அந்தக் கருவியே இல்லை. கருவி இல்லாதவர் வாங்கும்வரை என்ன செய்வது, நாடியும் ஈறும் கண் அசைவும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டோம். "முதலில் வாங்குங்கள்" என்றுதான் பதில் வந்தது. அது சரியான பதில்தான், ஆனால் திங்கட்கிழமை காலையில் டேபிளில் படுத்திருக்கும் நாய்க்கு அது உதவாது.

மூன்றாவது வாரம் வலி. எனக்கு மிகவும் பிடித்த வாரம், கொஞ்சம் சண்டை போட்ட வாரமும்கூட.

பாடம் எடுத்தவர்களில் ஒருவர் வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். கெட்டிக்காரர், பொறுமைசாலி. ஆனால் அன்று காலை, "காலேஜில் மாட்டை வைத்துப் படித்ததையெல்லாம் மறந்துவிட்டு உட்காருங்கள்" என்று ஆரம்பித்தார். அதை நான் ஏற்கவில்லை, அன்றைக்கே எழுந்து சொன்னேன்.

மாட்டைப் படுக்க வைத்து முழு மயக்கம் கொடுத்தால் வயிற்றில் காற்று ஏறும், இரைப்பையில் இருப்பது எதிர்த்து வந்து மூச்சுக்குழாயில் போகும். அதனால் நிற்க வைத்தே அறுக்கிறோம். வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் பைகளை அள்ளி எடுக்கும் ஆபரேஷனை மாடு நின்றுகொண்டு, சில சமயம் அசை போட்டுக்கொண்டே இருக்கும்போது செய்திருக்கிறேன். அதற்கு முதுகெலும்பின் ஓரமாக, கடைசி விலா எலும்புப் பக்கம் இறங்கும் நரம்புகளைத் தேடி லிக்னோகெய்ன் என்ற மரக்க வைக்கும் மருந்தைப் போட வேண்டும். கொம்பில் புற்றுநோய் வந்த காளைகளுக்குக் கண்ணின் வெளி ஓரத்துக்கும் கொம்பின் அடிக்கும் நடுவில் ஓடும் நரம்பை மரக்க வைத்துத்தான் கொம்பை எடுத்தோம். நரம்பைத் தேடி மரக்க வைப்பது எங்களுக்கு இன்டர்ன்ஷிப் வேலை. நகரத்திலேயே நாயை மட்டும் பார்த்த இளம் டாக்டர்கள் பயந்தது இதற்குத்தான்.

அன்று மதியம், பல் எடுக்க வேண்டிய நாய்க்குத் தாடை நரம்பை மரக்க வைக்கும் பயிற்சி, மண்டை ஓட்டு மாதிரிகளில். என் விரல் எலும்பின் துளையைத் தானாகவே தேடிக் கண்டுபிடித்தது. மறுநாள் அதே ஆசிரியர் என்னை அழைத்து மற்ற நாலு பேருக்குச் சொல்லித்தரச் சொன்னார். முந்தின நாள் காலையில் தான் சொன்னது தவறு என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொள்ளும் ஆசிரியரைக் கல்லூரியில் நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தப் பயிற்சிக்கு நான் கொடுக்கும் நல்ல மதிப்பெண்ணில் பாதி அவருக்கு.

இன்னொன்றும் அன்று சொன்னேன். சைலசின் என்ற மயக்க மருந்தில், ஒரு கிலோ எடைக்கு நாய்க்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு போதும், மாடு படுத்துவிடும். இனத்துக்கு இனம் அளவு எப்படி மாறும் என்ற பயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது மாடுதான். கால்நடை மருத்துவப் படிப்பு காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்று யார் பேசினாலும், மாட்டைக் குறைத்து நாயைக் கூட்டுங்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டுத்தரும் ஆசிரியர்தான் குறைவு.

தொழில் மாறுவது நமக்குப் புதிதுமல்ல. எங்கள் சீனியர்கள் வாழ்நாள் முழுக்க ஓடி ஓடி ஊசி போட்ட, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நான் படித்துக்கொண்டிருந்தபோது, 2006இல், கால்நடைகளுக்கு டைக்லோஃபினாக் என்ற வலி மருந்து தடை செய்யப்பட்டது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. எல்லா டாக்டர் பையிலும் இருந்த மருந்து அது. அதன் இடத்துக்கு மெலாக்சிகாம் வந்தது. நம்முடைய ஊசியின் விளைவு மாட்டோடு முடிவதில்லை என்று எனக்கு வகுப்பறையில் இருக்கும்போதே உறைத்தது அப்படித்தான்.

வலியை எண்ணால் அளக்கக் கற்றுக்கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு கிளாஸ்கோ அளவுகோல்: 24க்கு 6 வந்தால் வலி மருந்து சேர்க்க வேண்டும். பூனைக்கு முகத்தை மட்டும் பார்த்தே சொல்லலாம்: காது, கண், மூக்கும் வாயும், மீசை, தலை நிற்கும் விதம் என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 2 வரை. 10க்கு 4 தொட்டால் மருந்து. மான்ட்ரியாலில் உருவாக்கி 2019இல் வெளியிட்டார்கள். பூனை அழாது, கத்தாது, மூலையில் குனிந்து உட்காரும். "சமர்த்தாக இருக்கிறது" என்று நானே எத்தனை பூனைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நான்காவது வாரம், இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்தும் பயிற்சி, பொம்மை நாய் மேல். நிமிடத்துக்கு 100 முதல் 120, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். தோள் வலி மூன்று நாள் இருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு காப்பகத்தின் தெருநாய்களுக்குக் கருத்தடை, ஆசிரியர்கள் பக்கத்தில் நிற்க நாங்கள் மயக்கம் கொடுத்தோம். 14 பேருக்கு 9 நாய். போதாது. ஆனால் அங்கேதான் ஒரு தட்டை மூக்கு நாய் வந்தது, யாரோ தெருவில் விட்டுவிட்டுப் போனது. ட்யூபை எப்போது எடுப்பது என்று கேட்டேன். "விழுங்கியதும் எடுக்காதே. தலையைத் தூக்கி, ட்யூபை மென்று, உன்னைத் திட்டுவது போல் பார்க்கும், அப்போது எடு" என்றார் பக்கத்தில் நின்ற ஆசிரியர். இருபத்திரண்டு நிமிடம் தலைமாட்டில் நின்றேன். எழுந்து பார்த்தது. எடுத்தேன். நாக்கு ரோஜா நிறமாகவே இருந்தது. கண் கலங்கிவிட்டது.

ஆறாவது வாரம் பேசுவது. இது எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒரு நடிகரை வளர்ப்பவராக உட்கார வைத்து, ஆபரேஷனின் ஆபத்தை, செலவை, பிழைக்காது என்பதைச் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அல்சூர், மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழர்கள், மீதியில் பெரும்பாலும் கன்னடம். ஆங்கிலத்தில் அழகாக வரும் வாக்கியம் தமிழில் நாக்கில் நிற்காது. மதிய இடைவேளையில் ஓசூர்க்காரரும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்து அதையே தமிழில் செய்து பார்த்தோம். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் கற்றது, அன்றைக்குக் காலை முழுக்கக் கற்றதைவிட அதிகம்.

ஒரு சொல்லை மட்டும் சொல்கிறேன். "தூங்க வைக்கிறோம்." மயக்க மருந்துக்கும் அதைச் சொல்கிறோம், தீராத நோயில் ஊசி போட்டு அனுப்பிவைப்பதற்கும் அதையே சொல்கிறோம். ஒருமுறை பல் சுத்தம் செய்ய வந்த நாயை "கொஞ்ச நேரம் தூங்க வைக்கணும் தாத்தா" என்று சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதானா டாக்டரம்மா?" என்று கேட்டார். அதை ஓசூர்க்காரரிடம் சொன்னேன். அவருக்கும் ஒரு குழந்தையிடம் அதே அனுபவம். அன்று இருவரும் முடிவு செய்தோம்: "மயக்க மருந்து கொடுக்கிறோம், முடிந்ததும் நாங்களே எழுப்புவோம்." எழுப்புவோம் என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு, எழுப்ப முடியாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும்.

காசைப் பற்றிப் பேசுவதில் தர்மபுரி விவசாயிகளிடம்தான் எனக்குப் பயிற்சி. மாடு என்ன விலை, கறவை எவ்வளவு, வைத்தியம் எவ்வளவு என்று திண்ணையில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவோம். யாருக்கும் வெட்கமில்லை. பெங்களூரில் காசைக் கேட்டால் நாய் மேல் பாசமில்லை என்று டாக்டர் நினைத்துவிடுவாரோ என்று வளர்ப்பவர் தயங்குகிறார், கேட்டுவிட்டால் வியாபாரி என்று நினைப்பாரோ என்று டாக்டர் தயங்குகிறார். பயிற்சியில் இதற்கு நேரம் ஒதுக்கியது நல்லது.

இனி அந்த உறுத்தல்.

என் கிளினிக்கில் ஆபரேஷன் நடக்கும்போது என் இரண்டு கையும் நாயின் வயிற்றில் இருக்கும். தலைமாட்டில் நின்று மூச்சை எண்ணுவது, நாக்கைப் பார்ப்பது, மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது அந்த அக்கா. பத்தாவது வரை படித்தவர். பக் நாயைக் காப்பாற்றியது என் பட்டமல்ல, அவர் கண். சேரும்போதே கேட்டேன்: அவருக்கும் கட்டணம் கட்டுகிறேன், முதல் இரண்டு வாரமாவது வரட்டும். பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு மட்டும் என்றார்கள். கடைசி நாள் கருத்துப் படிவத்திலும் எழுதினேன், நேரிலும் சொன்னேன்.

அவர்களின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி வைத்தியம் செய்யும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான். டிப்ளமோ படித்தவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்யலாம். போலி டாக்டர்கள் உருவாகிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. ஆனால் வால்வைத் திறந்து வைக்கவும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கவும், "மேடம், குறைகிறது" என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தால் யாரும் போலி டாக்டர் ஆகிவிடமாட்டார்கள். பிரிட்டனில் கால்நடை செவிலியருக்குத் தனிப் படிப்பும் தனிப் பதிவும் உண்டு. இப்போது இங்கே மாணவர்களுக்கு ஐந்தரை வருடம், அதில் ஒரு முழு வருடம் இன்டர்ன்ஷிப். எங்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம், மகிழ்ச்சி. அந்த வருடத்தில் ஒரு வாரமாவது தலைமாட்டில் நிற்கும் வேலையை மட்டும் செய்ய வைத்தால், பிறகு தன் உதவியாளருக்குச் சொல்லிக்கொடுக்கவாவது தெரியும்.

நான் செய்தது: பயிற்சிக் குறிப்புகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதி லேமினேட் செய்து மெஷின் மேல் மாட்டிவிட்டேன். மூன்று ஞாயிறு அக்காவுக்கு வகுப்பு எடுத்தேன். இப்போது ஒவ்வொரு கேஸுக்கும் அவர் கையெழுத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது: நேரம், மூச்சு, நாடி, நாக்கு. போன வாரம் ஆபரேஷன் நடுவில், "மேடம், அந்த வால்வு திறந்திருக்கான்னு ஒருவாட்டி சொல்லுங்க" என்று என்னையே கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அச்சிட்ட குறிப்புகள் கடைசி வாரம்தான் கொடுத்தார்கள், ஆகவே நோட்டு எடுத்துப் போங்கள். மதியச் சாப்பாடு உண்டு, சுமார். நாலாவது வாரத்துக்குத் தளர்வான உடை. பேட்சில் எத்தனை பேர், காப்பகத்தில் எத்தனை நாய் என்று முன்பே கேளுங்கள். பணம் கட்டும்போது, உங்கள் கிளினிக்கில் தலைமாட்டில் நிற்பவருக்கும் இடம் உண்டா என்று கேளுங்கள். இதுவரை கேட்டது நான் ஒருத்திதான் என்று சொன்னார்கள். அடுத்த பேட்சில் ஒரு பத்துப் பேராவது கேளுங்கள்.